தறிக்கு இடம் விட்டுக் கட்டும் வீடு

சேலம், நாமக்கல் சமவெளியில் பல குடும்பங்களுக்கு வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ்தான். இளம்பிள்ளை, ராசிபுரம், பள்ளிபாளையம் பக்கம் தறி. சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை. குழித்தறி போட வேண்டுமானால் நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் குழி தோண்ட வேண்டும். வாடகைக்கு விட்டவர் அதற்கு எளிதில் சம்மதிப்பாரா? விசைத்தறி என்றால் அதிர்வு தாங்கும் தரை வேண்டும், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கம் வேண்டும். கடைக்கால் தோண்டும் முன்பே தறி எந்த மூலையில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று முடிவாகிவிட வேண்டும். இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாது. அங்கே வாழப்போகிறவருக்குத்தான் தெரியும். சொந்தமாக வீடு கட்டுவதன் முதல் மதிப்பு, தன் வாழ்க்கைக்கு ஏற்ற இடத்தைத் தானே தீர்மானிக்கும் இந்த உரிமைதான்.

பெரு நாட்டின் ஏழைக் குடியிருப்புகளில் பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜான் டர்னரும் 1970களில் இதையே வாதிட்டார்: ஒரு வீட்டை அதன் தோற்றத்தை வைத்து அல்ல, அதில் வாழ்பவருக்கு அது என்ன செய்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். போருக்குப் பின் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியுடன் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை பயனாளிகளே கட்டியவை. பணம் கட்டம் கட்டமாக அவர்கள் கைக்கே போனது. தமிழ்நாட்டில் 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் அந்த வழியில்தான் நடக்கிறது. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். வேலையை நடத்துபவர் பயனாளிதான். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், ஆசாரி எல்லாரும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் என்பதால், அந்தப் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊரிலேயே கூலியாகச் சுற்றுகிறது.

சொந்தமாகக் கட்டுவதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது கடன். பாதிச் சுவரில் நின்றுபோன வீடும், தறியை விற்று வட்டி கட்டும் நிலையும் கற்பனையல்ல. ஆனால் குற்றம் கட்டுவதில் இல்லை. கைக்கு மீறிய அளவில் தொடங்குவதில் இருக்கிறது. இன்று ஓர் அறை, மாடிக்குத் தாங்கும் அஸ்திவாரம், வருமானம் கூடும்போது அடுத்த அறை என்று வளர்த்துக்கொள்ளும் வசதி அடுக்குமாடியில் வாங்கும் வீட்டுக்கு இல்லை. அனுபவமில்லாதவர் கட்டினால் பாதுகாப்பாக இருக்குமா என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். தளம் போடும் முன் கம்பியையும் சென்ட்ரிங்கையும் பொறியாளர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். அதில் சலுகை கூடாது.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. சொந்த மனை இல்லாதவருக்கு, தன் வீட்டைத் தானே தீர்மானிக்கும் இந்த உரிமை எட்டுவதே இல்லை. கனவு இல்லத்துக்கும் பட்டா வேண்டும். தலைமுறையாகக் கூலித்தறி ஓட்டுபவரிடம் அது எங்கே இருக்கும்? அடுத்த கிராம சபையில் வீடு கேட்கும் மனுவோடு, மனை இல்லாத அண்டை வீட்டாருக்குப் பட்டா கேட்கும் மனுவையும் சேர்த்துக் கொடுங்கள்.