ஓரிரவு மலர்

கண்டியில் ஆசிரியராயிருந்த நண்பரொருவர், ஐந்தாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணம் வந்தபோது, ஈரத்துணியிற் சுற்றிய தண்டுத் துண்டொன்றை என் கையில் வைத்து, "பண்டிதர், இது கடுபுல். கவனமாக வளருங்கள்" என்றார். கவனமாகவே வளர்த்தேன், அதனாலேயே அது அழுகிற்று.

மல்லிகைக்குச் செய்வன யாவும் அதற்குஞ் செய்தேன். செம்மண்ணும் மாட்டெருவும் நிறைத்த சாடியில் நட்டு, காலையும் மாலையும் கிணற்றுநீர் வார்த்தேன். இரு திங்களுள் அடித்தண்டு கூழாயிற்று. அவ்வேளையிலேதான் நண்பர் காலமான செய்தியும் வந்தது. சாடியைக் குப்பையிற் கவிழ்க்கச் சென்ற யான், நுனியில் ஒரு சாண் பச்சை எஞ்சியிருக்கக் கண்டு நின்றுவிட்டேன். வேறொரு துண்டு தருமாறு கேட்க இனி அவர் இல்லை.

அதன்பின்னரே அச்செடியின் பிறப்பை விசாரித்தேன். நம் நாட்டிற் பெருமதிப்புப் பெற்ற இம்மலர், மெக்சிக்கோவிலும் அதனையடுத்த மத்திய அமெரிக்க நாடுகளிலுமுள்ள காடுகளுக்குரியது. கள்ளி இனத்தது, ஆயினும் பெரும்பாலும் மரக்கவடுகளில், உக்கிய சருகைப் பற்றி வாழ்வது. இத்தகையவற்றை மேலொட்டித் தாவரம் என்பர் தாவர நூலார். மரத்தின்மேல் வளர்வன யாவற்றையும் நம்மவர் புல்லுருவி என்று ஏசிவிடுகின்றனர். அது வீண்பழி. புல்லுருவி தன்னைத் தாங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சும். மேலொட்டியோ இருக்க இடம் மட்டுமே கேட்கும். மழைநீரும் சருகின் சத்தும் அதற்குப் போதும்.

இதன் இனப்பெயர் எபிபில்லம். 'இலைமேல்' என்பது அக்கிரேக்கச் சொற்களின் பொருள். ஆனால் இலைபோலத் தோன்றுவது உண்மையில் தட்டையான தண்டே. அதன் விளிம்பிலுள்ள பள்ளங்களிலேதான் அரும்பு தோன்றும். பெயரிட்ட பேரறிஞருக்கே பிழை நேர்ந்ததென அறிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதல்!

எஞ்சிய பச்சையை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை பத்து நாள் நிழலில் வைத்தேன். உடைந்த செங்கல், சிரட்டைக்கரி, தேங்காய்ப் பொச்சுத் துண்டு, ஒரு பிடி இலையுரம் ஆகியவற்றைக் கலந்து நட்டேன். சுண்ணாம்பு மிக்க எங்கள் கிணற்றுநீரை விடுத்து, சேமித்த மழைநீரை, மேற்பரப்பு காய்ந்தபின் மாத்திரம் வார்த்தேன். நண்பகல் வெயில் தண்டைக் கருக்குமாதலின் அறையினுள்ளே கிழக்கு யன்னலருகே வைத்தேன்.

சென்ற ஐப்பசியில் மூன்று அரும்புகள் தோன்றின. வருவோர் காணட்டுமென்ற ஆசையாற் சாடியை விறாந்தைக்கு மாற்றினேன், இரண்டு உதிர்ந்தன. என் மனைவி ஒன்றுஞ் சொல்லவில்லை. சாடியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

தொங்கிய மூன்றாவது அரும்பின் காம்பு, சில நாளில் மேல்நோக்கி வளைந்தது. ஓரிரவு எட்டு மணியளவில் இதழ் நெகிழத் தொடங்கி, பதினொரு மணிக்குள் விரித்த கையளவு வெண்மலராயிற்று. மணம் வீடெங்கும் பரந்தது. யன்னலருகே நாற்காலி போட்டு இருவரும் விழித்திருந்தோம். விடியுமுன் அது துவண்டது.

இப்போது அச்செடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி நிழலில் வைத்திருக்கின்றேன். அது கண்டியிலுள்ள நண்பரின் மகளுக்கு. செம்மண்ணும் மாட்டெருவும் வேண்டாவெனக் கடிதமும் எழுதியாயிற்று.