கண்டிப்பும் பரிசாகலாம்

வார இறுதியில் பிரத்தியேக வகுப்பு நடத்தச் செல்லும் நம் மாணவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பின்வரிசையில் ஒரு சிறுவன் மேசையைத் தட்டுவான். நாம் கண்டிப்போம். வகுப்பே திரும்பி அவனைப் பார்க்கும். சற்று நேரத்தில் மீண்டும் தட்டுவான். எத்தனை முறை சொன்னாலும் திருந்துவதில்லையே என்று சலித்துக் கொள்கிறோம். ஆனால், அந்தப் பழக்கத்தை வளர்ப்பதே நாமாக இருக்கலாம். எப்படி என்பதைச் 'செயல்படு ஆக்கநிலையிறுத்தம்' என்னும் உளவியல் கோட்பாடு விளக்குகிறது.

ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவே அச்செயல் பெருகுமா, குறையுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இதுவே கோட்பாட்டின் சாரம். 1898-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் தம் பூனை ஆய்வுகளை வெளியிட்டார். கூண்டின் தாழைத் தற்செயலாகத் திறந்து உணவைப் பெற்ற பூனை, அடுத்தடுத்த முறைகளில் விரைவாகத் திறந்தது. இதனை பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990) விரிவாக வளர்த்தெடுத்தார். அவருடைய பெட்டியில் எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும். உணவு கிடைக்கக் கிடைக்க, எலி அழுத்துவதும் கூடியது.

நான்கு வகை விளைவுகள்

1. நேர்மறை வலுவூட்டல்: விரும்பியது கிடைப்பதால் செயல் கூடும். கட்டுரைக்குப் பாராட்டு பெற்றவர் மேலும் எழுதுகிறார்.

2. எதிர்மறை வலுவூட்டல்: தொல்லை நீங்குவதால் செயல் கூடும். காரில் பாதுகாப்பு வாரை மாட்டியதும் எச்சரிக்கை ஒலி நிற்கிறது; ஆகவே, உடனே மாட்டப் பழகுகிறோம்.

3. நேர்மறைத் தண்டனை: விரும்பாதது வந்து சேர்வதால் செயல் குறையும். வேகமாக ஓட்டிக் காவலரிடம் திட்டு வாங்கியவர் வேகத்தைக் குறைக்கிறார்.

4. எதிர்மறைத் தண்டனை: விரும்பியது பறிபோவதால் செயல் குறையும். கைத்தொலைபேசியைப் பெற்றோர் எடுத்து வைத்துக்கொள்வது இவ்வகை.

இங்கே 'நேர்மறை' என்றால் ஒன்று சேர்கிறது. 'எதிர்மறை' என்றால் ஒன்று நீங்குகிறது. நல்லது, கெட்டது என்று பொருள் கொள்வதால்தான் எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை எனப் பலர் குழப்பிக் கொள்கின்றனர்.

பரிசு எது?

இனி அந்தச் சிறுவனிடம் வருவோம். நாம் தந்தது தண்டனை என்று நினைத்தோம். கண்டித்த பிறகு தட்டுவது கூடியிருந்தால், உளவியல் கணக்கில் அது வலுவூட்டலே. வீட்டிலும் பள்ளியிலும் யாரும் கவனிக்காத பிள்ளைக்கு, திட்டும் ஒரு கவனிப்புதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? தட்டுவதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். பரிசு நின்றால் செயல் மெல்ல மறையும். ஆனால், தொடக்கத்தில் அவன் இன்னும் பலமாகத் தட்டக்கூடும். அப்போது பொறுமையிழந்து கத்தினால், பலமாகத் தட்டினால்தான் பலன் என்று கற்றுக் கொள்வான். இடையிடையே மட்டும் பரிசு கிடைத்து வளர்ந்த பழக்கம் எளிதில் மறையாது. சக மாணவர்களின் சிரிப்பும் அவனுக்குப் பரிசே என்பதால், புறக்கணிப்பு மட்டும் போதாது. அவன் அமைதியாக ஒரு கணக்கைப் போடும் அந்தக் கணத்திலேயே அருகில் சென்று பாராட்ட வேண்டும். தட்டிப் பெற்ற கவனிப்பு, படித்தால் கிடைக்கட்டும்.

அடுத்த வகுப்பில் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அவன் பெயரை எத்தனை முறை கண்டிக்க அழைத்தோம், எத்தனை முறை பாராட்ட அழைத்தோம்?