ஓட்டுப் பெட்டியில் ஓவியம்

ரசிகர்கள் ஓட்டுப் போடும் அனிமே விருதுகள் ஆண்டுதோறும் சண்டையில் முடிகின்றன. சண்டையின் மையத்தில் ஒரு பழைய கேள்வி: நல்ல அனிமேஷன் என்பது எது?

டோக்கியோவில் 2025 மே 25 அன்று நடந்த க்ரஞ்ச்ரோல் அனிமே விருது விழாவில் 'சோலோ லெவலிங்' ஒன்பது விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. ஆண்டின் சிறந்த அனிமே என்ற தலையாய விருதும் அதற்கே. பதிவான ஓட்டுகள் 5.1 கோடி. ஒருவரே பல பிரிவுகளுக்கு ஓட்டுப் போடலாம் என்பதால் இதைத் தலைக்கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஜப்பானிய கார்ட்டூனுக்கு இத்தனை ஓட்டா என்று மலைக்க வைக்கும் எண்ணிக்கைதான்.

விழா முடிந்ததுமே வசைமாரி தொடங்கிவிட்டது. போட்டியில் இருந்தவை சாதாரணத் தொடர்கள் அல்ல. அரக்க அரசனை வீழ்த்திய வீரன் மூப்படைந்து இறந்த பிறகு, ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் மந்திரக்காரி ஒருத்தி அவனைப் புரிந்துகொள்ளப் பயணம் போகும் 'ஃப்ரீரென்'. துடிப்பும் கோமாளித்தனமும் கலந்த 'டண்டடான்'. குகையில் அரக்கர்களைச் சமைத்துச் சாப்பிடும் 'டெலிஷியஸ் இன் டன்ஜன்'. இவற்றை ஒதுக்கிவிட்டு, பலவீனமான வேட்டைக்காரன் ஒருவன் படிப்படியாகப் பலம் பெற்று எதிரிகளை வெட்டிச் சாய்க்கும் கதைக்கு மகுடமா என்பது ஒரு தரப்பின் கோபம். விருதுக்குப் பெயரே 'ரசிகர் விருது' என்றால் ரசிகர்கள் விரும்பியதற்குத்தானே கிடைக்கும் என்பது மறு தரப்பின் பதில். சிறந்த இயக்குநர் விருது 'ஃப்ரீரென்' தொடரின் கெய்ச்சிரோ சைட்டோவுக்குப் போனது. தோற்ற தரப்புக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, ஆதாரமாகவும் பயன்பட்டது.

இந்தச் சண்டையில் இரு தரப்புமே கவனிக்காத விஷயம் காலண்டர். விருதுக்கு வந்த 'சோலோ லெவலிங்' முதல் பருவம் 2024 ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒளிபரப்பானது. ஆனால் ஓட்டுப் பதிவு நடந்தது 2025 ஏப்ரலில். அதற்குச் சில நாட்கள் முன்புதான் இரண்டாவது பருவம் ஆரவாரமாக முடிந்திருந்தது. 'ஃப்ரீரென்' முடிந்தோ ஓராண்டு ஆகியிருந்தது. சூட்டோடு சூடாக ஓட்டுக் கேட்பவர் ஜெயிப்பது அரசியலில் மட்டும் நடப்பதல்ல.

இன்னொன்று: இந்த விருதில் ரசிகர் ஓட்டோடு நடுவர்களின் ஓட்டும் சேர்கிறது. சொல்லப்போனால் நடுவர் ஓட்டுக்கே எடை அதிகம். ஆக, தோல்விக்கெல்லாம் விடலைப் பையன்கள்தான் காரணம் என்று பழி போடுவது பாதி உண்மை கூட இல்லை.

நடுவர்கள் மட்டும் புனிதர்களா? ஆஸ்கர் அகாதமி தன் இறுதிச் சுற்று உறுப்பினர்கள் போட்டியில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்த பிறகே ஓட்டுப் போட வேண்டும் என்று விதி செய்தது 2025 ஏப்ரலில்தான். அதுவரை அனிமேஷன் பிரிவில் தன் குழந்தை ரசித்த படத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போன உறுப்பினர்கள் உண்டு என்பது ஹாலிவுட்டில் ஊரறிந்த ரகசியம்.

நடுவர்கள் இந்த விருதுக்குள் வந்ததற்கும் ஒரு கதை இருக்கிறது. முதல் விழாவின் முடிவுகள் வந்தது 2017 ஜனவரியில். பனிச்சறுக்கு நடன வீரர்களைப் பற்றிய 'யூரி ஆன் ஐஸ்' போட்டியிட்ட ஏழு பிரிவுகளிலும் வென்றது. அதில் சிறந்த அனிமேஷன் விருதும் ஒன்று. அங்கேதான் பற்றிக்கொண்டது. தொடரின் நடுப்பகுதியில் நடனக் காட்சிகளில் கைகால் அளவு பிசகியதையும் முகங்கள் கோணியதையும் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அறிவார்கள். அதே ஆண்டில் பென்சில், பெயின்ட், கண்ணாடி மேல் வண்ணம் என்று வாரந்தோறும் வித்தை காட்டிய 'மாப் சைக்கோ 100' இருந்தபோது இது எப்படி என்று கொதித்தார்கள். 'யூரி' 2016 டிசம்பர் கடைசியில்தான் முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் காலண்டர். அடுத்த ஆண்டே நடுவர் குழு பெரிதாக நுழைந்தது.

'யூரி' ரசிகர்களிடமும் வாதம் இருந்தது. கென்ஜி மியாமோட்டோ என்ற உண்மையான நடன அமைப்பாளர் அமைத்த முழு ஆட்டங்களைக் கையால் வரைந்து காட்டும் முயற்சி அது. எளிதானதைப் பிசகில்லாமல் செய்பவரை விட, கடினமானதைச் செய்து இடையில் தடுமாறுபவரைப் பாராட்டக் கூடாதா? ஸ்கேட்டிங் போட்டியிலேயே கடின அசைவுக்குத் தனி மதிப்பெண் உண்டே!

அசையாத படங்கள்

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, படம் எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு சட்டத்துக்கும் புதுப்படம் வரைவதில்லை. ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவது சகஜம். அதாவது விநாடிக்கு எட்டுப் படம். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு டெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடங்கியபோது, வாரம் ஓர் அத்தியாயம் என்ற நெருக்கடிக்கும் சொற்பப் பணத்துக்கும் ஈடுகொடுக்கப் பிறந்த சிக்கனம் இது. வாய் மட்டும் அசையும். உடம்பு அப்படியே நிற்கும். ஓடும் காட்சியை ஒருமுறை வரைந்து பலமுறை பயன்படுத்துவார்கள். டிஸ்னியின் வழுக்கிக்கொண்டு போகும் அசைவை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏழையின் அனிமேஷன்.

ஆனால் அந்த ஏழ்மையிலிருந்தே ஒரு கலை பிறந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே பாய விடுவது என்பதில் ஒவ்வோர் ஓவியருக்கும் ஒரு கையெழுத்து உருவானது. முக்கிய நிலைகளை வரைபவர் கீ அனிமேட்டர். நடுவில் வரும் படங்களை வரைபவர் இடைநிலை ஓவியர். எல்லோருடைய முகமும் ஒன்றுபோல் இருக்கும்படி திருத்துபவர் அனிமேஷன் இயக்குநர். இவர்களின் கைவண்ணத்தைக் கண்டுபிடித்துக் கொண்டாடும் ரசிகர் கூட்டத்துக்குத் தாரக மந்திரம் 'சகுகா'. ஜப்பானிய மொழியில் படம் வரைதல் என்று மட்டுமே பொருள்படும் சொல். சங்கீத சபையில் தாளம் போட்டுக்கொண்டே பாடகரைத் திருத்தும் ரசிகர் ரகம் இவர்கள்.

இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான பிளவு 2010-ல் 'நருட்டோ ஷிப்புடென்' 167-வது அத்தியாயத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சண்டை. இயக்கியவர் அட்சுஷி வாகபயாஷி. உடல்கள் ரப்பராக நீண்டன, முகங்கள் பிதுங்கின. நிறுத்திப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள். ஓடவிட்டுப் பார்த்தவர்களில் ஒரு சாரார், வேகமும் வெறியும் இதைவிடச் சிறப்பாக வந்ததில்லை என்றார்கள். அதில் பணியாற்றிய இளைஞர்களில் ஒருவரான ஷிங்கோ யமஷிட்டா பிற்காலத்தில் 'ஜுஜுட்சு கைசன்', 'செயின்சா மேன்' தொடர்களின் தொடக்கப் பாடல் காட்சிகளை இயக்கிப் புகழ்பெற்றார். அவற்றை ரசித்தவர்களில் எத்தனை பேர் முன்பு அவரைத் திட்டியவர்களோ!

அதற்கும் முன்னால் 2007 ஏப்ரலில் நடந்தது இன்னும் கசப்பானது. கைனாக்ஸ் நிறுவனத்தின் 'குர்ரென் லகான்' நான்காவது அத்தியாயத்தை ஒசாமு கோபயாஷி இயக்கினார். தன் பாணியிலேயே, கோடுகள் எளிமையாக, உருவங்கள் தளர்வாக. முதல் மூன்று அத்தியாயங்களுக்குப் பழகிய ரசிகர்கள் தரம் சரிந்துவிட்டது என்று தாக்கினார்கள். நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பதிலுக்கு ரசிகர்களைப் பற்றி முகம் சுளிக்கும்படி எழுத, அது வெளியே தெரிந்து பெரிதானது. தயாரிப்பாளரும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவருமான தகாமி அகாய் பதவி விலக வேண்டியதாயிற்று. ஓர் அத்தியாயத்தின் ஓவியப் பாணிக்காக ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் நாற்காலி காலியானது. 'பெக்', 'பாரடைஸ் கிஸ்' தொடர்களை இயக்கிய கோபயாஷி 2021 ஏப்ரலில் காலமானார்.

பளபளப்பும் கோடும்

இன்றைய சண்டையில் அடிக்கடி இழுக்கப்படும் பெயர் 'டீமன் ஸ்லேயர்'. க்ரஞ்ச்ரோல் விழாவில் 2023-லும் 2024-லும் சிறந்த அனிமேஷன் விருது அதற்கே. வாளிலிருந்து நீர் சுழன்று பாய்வதும் நெருப்பு திரையை நிறைப்பதும் பார்ப்பவரை அசத்துகின்றன. தயாரிக்கும் யூஃபோடேபிள் நிறுவனம், வரைந்த படங்களையும் கணினி உருவங்களையும் ஒளியையும் ஒன்றுசேர்க்கும் வேலையைத் தன் கூரைக்கு அடியிலேயே வைத்திருக்கிறது. அதன் பலன் திரையில் தெரிகிறது.

சகுகாக்காரர்கள் விடுவார்களா? விருது அசைவுக்கா, அலங்காரத்துக்கா என்று கேட்கிறார்கள். நகையை எடுத்துவிட்டுப் பெண்ணைப் பார் என்கிற கதை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோட்டையும் ஒளியையும் பிரித்துப் பார்க்கும்படி சாதாரணப் பார்வையாளரிடம் கேட்பது, சினிமாவில் எடிட்டிங்கை மட்டும் தனியாகப் பார் என்பதுபோல. யூஃபோடேபிளின் கூட்டு உழைப்பைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. விருதுப் பட்டியலில் 'அனிமேஷன்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்ததில்தான் குழப்பம். அதிகம் அசைவது, அழகாக இருப்பது, பிழையில்லாமல் இருப்பது ஆகிய மூன்றும் வேறு வேறு. ஓட்டுப் போடுபவர் எதை நினைத்துப் போட்டார் என்று பெட்டியைத் திறப்பவருக்குத் தெரியாது.

இந்தியாவிலும் இந்தக் கச்சேரி களைகட்டத் தொடங்கியிருக்கிறது. 2024 மார்ச்சில் டோக்கியோ விழாவில் விருது வழங்கச் சென்றவர்களில் நடிகை ரஷ்மிகா மந்தனாவும் ஒருவர். 'சோலோ லெவலிங்' தமிழ், தெலுங்கு, இந்தியில் பேசுகிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' திரைப்படமும் தமிழில் திரையரங்குகளுக்கு வந்தது. அதிகாலைக் காட்சிக்கு வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தொட்டவர்கள்.

அந்த 2024 விழாதான் இந்தச் சண்டையின் மிகச் சங்கடமான அத்தியாயம். அங்கே 'ஜுஜுட்சு கைசன்' இரண்டாம் பருவம் ஆண்டின் சிறந்த அனிமே உட்பட 11 விருதுகளைப் பெற்றது. நான்கு மாதங்களுக்கு முன்பு, 2023 நவம்பரில், அதே தொடரின் பெரிய சண்டைக் காட்சிகள் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, அதை வரைந்தவர்களில் சிலர் பகிரங்கமாகவே புலம்பினார்கள். கால அவகாசம் போதவில்லை, நினைத்ததை முடிக்க முடியவில்லை, தூக்கமில்லை என்று. சிலர் பார்வையாளர்களிடம் மன்னிப்பே கேட்டார்கள். தயாரித்த மாப்பா நிறுவனத்தின் அட்டவணைகள் மீது கண்டனம் குவிந்தது. ரசிகர்களோ, எது குறை என்றே தெரியவில்லையே, பிரமாதமாக இருக்கிறதே என்று வியந்தார்கள். வரைந்தவர் அரைகுறை என்று நினைத்ததைப் பார்த்தவர் உச்சம் என்று கொண்டாடினார். அந்தப் பாராட்டு அடுத்த அட்டவணையை இன்னும் இறுக்குமா, தளர்த்துமா என்ற கவலை ரசிகர்கள் சிலரிடமே எழுந்தது. ஓட்டுப் போடாமல் புறக்கணிக்கலாமா, அப்படிச் செய்தால் தண்டனை யாருக்கு, முதலாளிக்கா ஓவியருக்கா என்று அவர்களுக்குள் விவாதம் நீண்டது. முடிவு கிட்டவில்லை.

ஜப்பானிய அனிமே, திரைப்படப் பண்பாட்டுச் சங்கம் நடத்திய ஆய்வில், இத்துறையினர் மாதத்துக்குச் சராசரியாக 219 மணி நேரம் வேலை செய்வது தெரியவந்தது. ஞாயிறு தவிர எல்லா நாளும் எட்டு மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கு வருகிறது.

நல்ல தொடருக்கு அதிக வேலை. மோசம் என்று பெயரெடுத்த தொடருக்கு வசை. 2025 அக்டோபரில் 'ஒன் பஞ்ச் மேன்' மூன்றாம் பருவம் தொடங்கியதும், அசைவே இல்லாத காட்சிகளை வெட்டி எடுத்துக் கேலி செய்தார்கள். முதல் பருவத்தை 2015-ல் மேட்ஹவுஸ் நிறுவனம் செய்திருந்த விதம் அப்படி. ஒப்பீடு தவிர்க்க முடியாதது. வசை தாங்காமல் இயக்குநர் தன் சமூக வலைத்தளக் கணக்கையே மூடிவிட்டார். பட்ஜெட்டையும் ஆள்பலத்தையும் தீர்மானிக்கும் தயாரிப்புக் குழுவினரின் பெயர்கள் அந்த வசையில் அதிகம் அடிபடவில்லை.

க்ரஞ்ச்ரோல் விருதுப் பட்டியலில் குரல் கொடுத்தவர்களுக்கு ஜப்பானியம், ஆங்கிலம், ஸ்பானியம், அரபு என்று மொழிக்கொரு விருது இருக்கிறது. இயக்குநருக்கு உண்டு, இசைக்கு உண்டு, தொடக்கப் பாடலுக்கு உண்டு, முடிவுப் பாடலுக்கும் உண்டு. ஒரு காட்சியை வரைந்து அசைய வைத்த தனி ஓவியருக்கென்று இதுவரை ஒரு பிரிவும் இல்லை.