கூல்: ஒரு சொல்லின் பயணமும் திகில் திரைப்படங்களும்

அரபு மொழி ஐரோப்பாவுக்கு வழங்கிய சொற்களைப் பட்டியலிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அல்ஜீப்ரா, அல்காலி, அட்மிரல், ஸீரோ என்று மேடைகளில் பெருமிதத்தோடு எடுத்துரைக்கப்படும் அப்பட்டியலில் 'கைன்' எழுத்தில் தொடங்கும் 'கூல்' என்னும் சொல் மட்டும் இடம்பெறுவதில்லை. பெருமைப்படத்தக்க பொருள் அதற்கு இல்லாமையே காரணமாகலாம். கல்லறையைத் தோண்டிப் பிணந்தின்னும் பேயை ஆங்கிலத்தில் அச்சொல்லால் குறிக்கின்றனர். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் எடுக்கப்பட்ட 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற கறுப்பு வெள்ளைத் திரைப்படம், இறந்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் கதையை உலகெங்கும் பரப்பியது. இன்று அனைவரும் அதனை 'ஸோம்பி' படங்களின் தாய் என்கின்றனர். ஆயினும் அப்படத்தில் ஸோம்பி என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. அதில் வரும் செய்தி அறிவிப்பாளர்கள் அவ்வுருவங்களைக் 'கூல்' என்றே குறிப்பிடுகின்றனர்.

இத்தகைய படங்களைப் பார்க்கலாமா, கூடாதா என்று தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. அது முஃப்திகளின் பணி. ஒரு சமுதாயம் எதனைக் கண்டு அஞ்சுகிறது, யாரைக் கண்டு அஞ்சுகிறது என்பதை அறிய அதன் அச்சக் கதைகளைப்போல் வெளிப்படையான சான்று வேறில்லை என்பதால், இச்சொல்லின் வழியே சில படங்களை அணுகிப் பார்க்க விழைகிறோம்.

'கைன், வாவ், லாம்' என்னும் மூலத்திற்கு, ஒருவன் அறியாவண்ணம் வந்து பற்றி அழித்தல் என்பது பொருள். சுவர்க்கத்து மதுவைப் பற்றிக் கூறுமிடத்தில், அறிவை மயக்கிக் கேடு செய்யும் தன்மை அதில் இல்லை என்பதை உணர்த்த ஸூரத்துஸ் ஸாஃப்பாத் இம்மூலத்திலிருந்து பிறந்த 'கவ்ல்' என்ற சொல்லையே ஆள்கிறது. (இதைக் கொண்டு 'ஆல்கஹால்' என்ற சொல்லும் இதிலிருந்தே பிறந்தது என்பார் சிலர். அது கண்ணுக்கிடும் சுர்மாவைக் குறிக்கும் 'அல்குஹ்ல்' என்பதிலிருந்து வந்தது என்பதே மொழியியலார் பொதுவாக ஏற்ற முடிவு.) இக்கால அரபு நாளேடுகளில் அரசியல் படுகொலையைக் குறிக்கும் 'இக்தியால்' என்ற சொல்லும் இம்மூலத்தின் கிளையே. பின்னர் இதனை நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஜாஹிலிய்யாக் கால அரபியரின் கற்பனையில் கூல் என்பது பாலைவனத்துப் பெண் உரு. அது விரும்பிய வடிவெடுக்கும். ஆனால் கால்கள் மட்டும் கழுதையின் குளம்பாகவே இருக்கும். இரவில் நெருப்பு மூட்டி வழிப்போக்கரை ஈர்க்கும். ஒரே வெட்டில் கொல்ல வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் உயிர்த்தெழுந்துவிடும். தஅப்பத ஷர்ரன் என்னும் கவிஞர் அதனைக் கொன்றதாகப் பாடியிருக்கிறார். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய 'பானத் ஸுஆத்' கவிதையில், காதலியின் நிலையற்ற மனம் கூல் உரு மாறுவதற்கு ஒப்பிடப்படுவதை மதரஸா மாணவர் அனைவரும் அறிவர்.

இந்நம்பிக்கையை இஸ்லாம் எவ்வாறு எதிர்கொண்டது என்பது சிந்திக்கத்தக்கது. தொற்று, பறவைச் சகுனம் முதலியவற்றோடு கூலையும் சேர்த்து மறுக்கும் நபிமொழியை ஜாபிர் (ரலி) வாயிலாக இமாம் முஸ்லிம் அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அதே வேளையில், அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பேரீச்சங்கனிகளைக் கூல் ஒன்று திருடிச் சென்றதாகவும், பிடிபட்டபோது அது மன்றாடி விடுதலை பெற்றதாகவும், இறுதியில் ஆயத்துல் குர்ஸியின் சிறப்பை எடுத்துரைத்ததாகவும் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. இவ்விரண்டையும் எங்ஙனம் பொருத்துவது? இமாம் நவவி அவர்கள் தம் விரிவுரையில் இரு கருத்துகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். கூல் என்ற ஒன்றே இல்லை என்பது பெரும்பாலோர் கருத்து. மறுக்கப்பட்டது அதன் இருப்பு அன்று, உரு மாறி மனிதரை வழிகெடுக்கும் தனி ஆற்றல் அதற்கு உண்டு என்ற கற்பனையே என்பது மற்றவர் கருத்து. எவ்வாறாயினும், ஜின் இனத்தின் இருப்பை ஏற்ற மார்க்கம், ஜின்னின் பெயரால் பரவிய அச்சத்தை ஏற்கவில்லை. மனிதர் ஜின்களிடம் பாதுகாவல் தேடியது தீமையைப் பெருக்கவே செய்தது என்பதன்றோ ஸூரத்துல் ஜின்னின் எச்சரிக்கை?

நம் முன்னோரின் அறிவுத் துணிவுக்கு ஜாஹிழ் ஒரு சான்று. ஹிஜ்ரி 255இல் மறைந்த அவர், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில், தம் ஆசிரியர் நழ்ழாமின் கருத்தாக ஒன்றை எடுத்துரைக்கிறார். ஆளற்ற வெளியில் நெடுநாள் தனித்திருப்பவனை வெருட்சி பற்றிக்கொள்கிறது, சிறியது பெரியதாகத் தோன்றுகிறது, இல்லாத ஒலி கேட்கிறது, பின்னர் அவன் அதனைக் கவிதையாக்குகிறான், கேட்போர் நம்புகின்றனர். வரலாற்றாசிரியர் மஸ்ஊதியும் இதையொத்த விளக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். உளவியல் என்றொரு துறைக்குப் பெயரிடப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது.

பாலைவனத்தில் வழிமறித்த இவ்வுருவைக் கல்லறைக்கு அனுப்பியவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான். 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலைப் பிரெஞ்சில் ஆக்கிய அவர், அரபு மூலச் சுவடிகளில் காணப்படாத சில கதைகளையும் அதில் சேர்த்தார். அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவரிடம் 1709இல் பாரிஸில் கேட்டவை அவற்றுக்கு அடிப்படையாயின. அவ்வாறு சேர்ந்த ஸீதி நுஃமான் கதையில், கணவன் முன் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகக் கொறிக்கும் மனைவி, நள்ளிரவில் கல்லறைக்குச் சென்று கூலோடு அமர்ந்து பிணம் தின்கிறாள். பிணந்தின்னும் பண்பு பழைய அரபு நூல்களில் இல்லை, அது கலானின் கைவண்ணம் என்பதை அஹ்மத் அல்ராவி 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துரைத்துள்ளார். 1786இல் வெளியான வில்லியம் பெக்ஃபோர்டின் 'வாத்தெக்' புதினம் வழியே அச்சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. கீழைத்தேயத்தின் கொடூரம் என்று மேலைநாட்டார் நடுங்கியது, பாரிஸில் பாதி சமைக்கப்பட்ட ஒன்றைக் கண்டே!

ஸோம்பியின் வரலாறு இதனினும் கசப்பானது. அது ஹைட்டித் தீவுக்குரியது. பிரெஞ்சுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்து மடிந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் அத்தீவினர். அவர்களது நம்பிக்கையில் ஸோம்பி யாரையும் தின்பதில்லை. இறந்தபின்னும் எழுப்பப்பட்டு, எசமானனுக்காக உழைக்க விதிக்கப்பட்ட உடல் அது. மரணமாவது விடுதலை தரும் என்று நம்பியிருந்தவனுக்கு, மரணத்திற்குப் பின்னும் அடிமைத்தளை தொடரும் என்பதைவிடப் பெரிய அச்சம் எது? 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்த காலத்தில்தான் வில்லியம் ஸீப்ரூக்கின் பயண நூலும் (1929), 'ஒயிட் ஸோம்பி' திரைப்படமும் (1932) அமெரிக்காவில் வெளிவந்தன. அப்படத்தின் கரும்பாலைக் காட்சியில், செக்கு இழுக்கும் நடைப்பிணங்களுள் ஒன்று இயந்திரத்துள் விழுகிறது, செக்கு நிற்பதில்லை. ஆனால் படத்தின் கவலையோ வெள்ளை மணமகள் ஒருத்தி ஸோம்பியாக்கப்பட்டதைப் பற்றியது. அடிமையின் அச்சம் எசமானனின் பொழுதுபோக்காக மாறிய விந்தை இது.

இனி 1968ஆம் ஆண்டுப் படத்திற்கு வருவோம். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ, பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வந்த அண்ணனும் தங்கையும் தாக்கப்படுவதோடு கதை தொடங்குகிறது. தப்பிய தங்கை ஒரு பண்ணை வீட்டில் புகலிடம் தேடுகிறாள். அங்கு வந்து சேரும் பென் என்ற கறுப்பின இளைஞன் கதவுகளில் பலகை அறைந்து அனைவரையும் காக்க முனைகிறான். நிலவறையில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக் குடும்பம் பதுங்கியிருக்கிறது. மேலே நின்று போரிடுவதா, நிலவறைக்குள் அடைந்துகொள்வதா என்று பென்னுக்கும் அக்குடும்பத் தலைவனுக்கும் மூளும் சச்சரவே படத்தின் உயிர்நாடி. வெளியே நிற்பவை மந்தமாக நடப்பவை; தள்ளினால் விழுபவை. வீட்டை வீழ்த்துவது உள்ளே இருப்போரின் ஒற்றுமையின்மையே. பென்னைப் பிழையற்ற வீரனாகவும் இயக்குநர் காட்டவில்லை. அவன் வன்மையாக மறுத்த நிலவறையே இறுதியில் அவனைக் காக்கிறது.

விடிகிறது. ஷெரீபின் தலைமையில் துப்பாக்கியும் வேட்டை நாய்களுமாக வெள்ளையர் கூட்டமொன்று வயல்களைத் துப்புரவாக்கிக்கொண்டு வருகிறது. இரவு முழுதும் உயிரோடு போராடி மிஞ்சிய ஒரே மனிதனான பென் சாளரத்தருகே வருகிறான். அவனும் நடைப்பிணமே என்று கருதி நெற்றியில் சுடுகின்றனர். இறைச்சிக் கொக்கிகளால் அவன் உடல் இழுக்கப்பட்டுப் பிணக்குவியலில் எரியூட்டப்படுவதைப் படம் அசையாத நிழற்படங்களாகக் காட்டி முடிகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தாரைக் கும்பலாகக் கொன்றுவிட்டு, அவ்வுடல்களைச் சூழ நின்று எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அபூ அய்யூப் (ரலி) அவர்கள் தம் கையில் சிக்கியதைப் பேசவிட்டுக் கேட்டார்கள். ஷெரீபின் ஆட்களோ சுடுமுன் ஒரு வினாவும் எழுப்பவில்லை.

திரைக்கதையில் பென்னின் இனம் குறிப்பிடப்படவில்லை என்றும், தேர்வுக்கு வந்தோரில் சிறந்து நடித்தமையாலேயே டுவேன் ஜோன்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றும் ரொமேரோ பலமுறை கூறியுள்ளார். முடிந்த படத்தின் பிரதியோடு காரில் நியூயார்க் சென்றுகொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாகவும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அது 1968 ஏப்ரல் 4ஆம் நாள். அக்டோபர் 1ஆம் நாள் படம் பிட்ஸ்பர்க்கில் திரையிடப்பட்டபோது அந்த 'இக்தியால்' மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. நோக்கம் இல்லாமலேயே பொருள் வந்து சேர்ந்தது என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. கறுப்பினத்தான் ஒருவன் வெள்ளையருக்குக் கட்டளையிடும் கதையை அவ்வாண்டில் எடுத்து, முடிவையும் மாற்றாமல் விட்டவர்கள், தாம் செய்வதை ஓரளவேனும் அறிந்தே செய்திருக்க வேண்டும்.

வெளியீட்டாளர் படத்தின் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அன்றைய சட்டப்படி படம் பொதுவுடைமையாயிற்று. உருவாக்கியோருக்கு இழப்பு, படத்திற்கோ நீண்ட ஆயுள். நள்ளிரவுக் காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடித் தனியொரு ரசிகர் கூட்டத்தைத் திரட்டிய அப்படத்தை 1999இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. பத்தாண்டுகள் கழித்து, 1978இல், ரொமேரோ எடுத்த 'டான் ஆஃப் தி டெட்' படத்தில் இறந்தவர்கள் ஒரு பேரங்காடியைத் தேடி வந்து கடைகளின் முன் அலைகின்றனர். ஸூரத்துத் தகாஸுர் பொருட்பெருக்கத்தின் மோகத்தையும் மண்ணறையையும் ஒருங்கே பேசுவதை அறிந்த வாசகருக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

முஸ்லிம் உலகப் பின்னணியில் அண்மைக்காலத்தில் வந்த குறிப்பிடத்தக்க படம், தெஹ்ரானில் பிறந்த பாபக் அன்வரி பாரசீக மொழியில் இயக்கிய 'அண்டர் தி ஷேடோ' (2016). ஈரான்-ஈராக் போரின் இறுதியாண்டான 1988இல், ஈராக்கிய ஏவுகணைகள் தெஹ்ரான் மீது விழுந்துகொண்டிருக்கின்றன. கணவன் போர்முனையில், மனைவி ஷீதே சிறு மகளோடு தனித்திருக்கிறாள். முன்னாள் அரசியல் ஈடுபாட்டினால் மருத்துவக் கல்வியைத் தொடரும் வாய்ப்பு அவளுக்கு மறுக்கப்பட்டுவிட்டது. வெடிக்காத ஏவுகணை ஒன்று மாடியைத் துளைத்து நிற்க, அந்த விரிசல் வழியே ஜின் வந்துவிட்டது என்கின்றனர் அண்டை வீட்டார். ஜின் பெரும்பாலும் பறக்கும் துணியாக, உடலற்ற சாதிராகவே காட்டப்படுகிறது. நம் வாசகர் சிலருக்கு இது வருத்தமளிக்கலாம். நமக்கும் அவ்விடத்தில் நெருடல் உண்டு. முஸ்லிம் பெண்ணின் உடையை அச்சப்பொருளாகக் காண ஏற்கெனவே பழகிய மேலைநாட்டுக் கண்களுக்கு அக்காட்சி வேறு தீனியாகவும் அமையும். எனினும் நேர்மையாகச் சொல்வதானால், படத்தின் நடுக்கம் உடையைப் பற்றியதன்று. ஜின்னுக்கு அஞ்சி மகளைத் தூக்கிக்கொண்டு வெறுந்தலையோடு தெருவுக்கு ஓடும் தாயைக் காவலர் பிடித்துச் செல்கின்றனர். எதனிடமிருந்து ஓடி வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. நழ்ழாம் பேசிய ஆளற்ற பாலைவெளி இங்கே மக்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துவிட்டுப் போன அடுக்குமாடிக் கட்டடமாக மாறியிருக்கிறது.

மனிதனை மனிதனல்லாத ஒன்றாகக் கண்டுவிட்டால், அவனிடம் கேள்வி கேட்கும் கடமை நீங்கிவிடுகிறது. இது திரையோடு நின்றுவிடும் செய்தியன்று. கெய்ரோவில் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு தூலூன் எழுப்பிய மருத்துவமனையில் சித்தம் கலங்கியோருக்கும் இடமிருந்தது. அவர்கள் நோயாளிகளாகவே கருதப்பட்டனர். அத்தகைய மரபுக்கு உரிய நாம், நம் ஊர்களில் மனநோயாளி ஒருவன் பிதற்றத் தொடங்கினால் அவனுள் பேசுவது யார் என்றல்லவா வினவுகிறோம்? தாயத்துக்கும் தகட்டுக்கும் கைப்பொருளை இழந்து, மருத்துவரிடம் செல்ல வேண்டிய ஆண்டுகளையும் இழந்த குடும்பங்களை அறியாத மஹல்லா உண்டா?

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. தர்காவின் பெயரால் குணம் தேடிப் பல சமயத்தாரும் கொண்டுவந்து விட்டிருந்த நோயாளிகள் அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியை எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடலாகாது என்ற தடை 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டத்தில் 95ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. ஜும்ஆ மேடைகளில் அப்பிரிவு இன்னும் உரிய அளவில் பேசப்படவில்லை.