சுற்றும் நுண்ணோக்கி!



கண்ணாடி டம்ளரில் ஈரத்தாள் சுருட்டி வைத்து, நடுவில் பச்சைப்பயறு முளைக்கப் போட்டேன். வேர் கீழே இறங்கியதும் டம்ளரைப் படுக்க வைத்தேன். மறுநாள் பார்த்தா, வேர் வளைஞ்சு மறுபடியும் கீழே பார்த்து நின்றது! அம்மாவைக் கேட்டேன். “மண்ணைத் தேடிப் போகுது”ன்னாங்க. டம்ளர்ல மண்ணே இல்லையே!

காரணம் புவியீர்ப்பு விசை. வேர் நுனிச் செல்களுக்குள் மாவு மணிகள் இருக்கின்றன. வேரைச் சாய்த்தால் அவை உருண்டு செல்லின் அடிப்பக்கம் படியும். அதை வைத்தே வேர் ‘கீழ்ப்பக்கம்’ எதுன்னு அறிகிறது.

சரி, எவ்வளவு குறைந்த ஈர்ப்பை ஒரு உயிர் உணரும்? பூமியில் ஈர்ப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க முடியாது. அதனால் ஜெர்மனி விஞ்ஞானிகள் ‘நிட்செமி’ என்ற கருவியைச் செய்தார்கள். மெதுவாகச் சுற்றும் தட்டின் மேல் நுண்ணோக்கியும் கேமராவும் இருக்கும். ராட்டினம் சுற்றும்போது நம்மை வெளியே தள்ளுமே, அதுபோல உள்ளிருக்கும் உயிருக்கு எடை உண்டாகும். வேகம் கூட்டினால் எடை கூடும். அதைப் பார்த்துக்கொண்டே மாற்றலாம்.

1994 ஜூலையில் இக்கருவி கொலம்பியா விண்கலத்தில் போனது. நம்ம பாடத்தில் வரும் யூக்ளினாவும் கூடவே போனது! பூமியில் இருட்டிலும் மேல்நோக்கி நீந்தும் யூக்ளினா, எடையில்லாதபோது நாலாபக்கமும் நீந்தியது. பூமியின் ஈர்ப்பில் 0.08 பங்கு கொடுத்தும் திசை தெரியவில்லை. 0.16 பங்கு ஆனதும் திசை பிடித்துக்கொண்டது. நிலாவின் ஈர்ப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

நாளை நிலாவில் பயிர் வைத்தால் வேருக்கு வழி தெரியுமா? இதுபோன்ற கருவிகள்தான் பதில் சொல்லணும். நீங்களும் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்துப் பாருங்களேன்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி