கப்பல் வாங்கினோம், விமானம் கட்டுவோமா?

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருக்கிறது. 2025 ஜூலை 26-ந் தேதி புதிய முனையக் கட்டடமும் திறக்கப்பட்டது. முன்பு சிறு விமானங்களே வந்திறங்கிய முத்துக்குளித்துறையில் இனிப் பெரிய விமானங்களும் இறங்கலாம். மகிழ வேண்டிய விஷயந்தான். ஆயினும் அவ்விமானங்களைக் கட்டுவோர் யார் என்று கேளாமல் மகிழ்ந்திருப்பது வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஜில்லாவுக்கு அழகன்று.

1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது முதலில் வாடகைக் கப்பலையே நம்ப நேர்ந்தது. பிரிட்டிஷ் கம்பெனியாரின் நிர்ப்பந்தத்தால் கப்பல் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். அதன் பிறகே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் விலைக்கு வாங்கப்பட்டு 1907-ல் வந்து சேர்ந்தன. பிறர் கலத்தை நம்பிய தொழில் பிறர் சித்தப்படியே நடக்கும் என்பது அன்று நாம் கற்ற பாடம். வாங்கிய கப்பல்களும் அந்நிய நாட்டுத் துறைகளில் கட்டப்பட்டவையே. கட்டும் வித்தை நம் கைக்கு வரவில்லை.

அவ்வித்தையின் அருமையை அறிய விமானத்தின் எண்ணெய்த் தொட்டி ஒன்றைப் பார்த்தாலே போதும். பெரிய பிரயாணி விமானத்தின் எண்ணெயில் பெரும்பகுதி சிறகுக்குள் இருக்கிறது. தனியாகத் தொட்டி செய்து அங்கே வைப்பதில்லை. சிறகின் கூடே தொட்டி. பறக்கும்போது காற்று சிறகை மேல்நோக்கி வளைக்கிறது. எண்ணெயின் பாரம் கீழ்நோக்கி அழுத்தி, சிறகின் அடியில் விழும் பளுவைக் குறைக்கிறது. ஆகையால் உடலின் நடுவிலுள்ள தொட்டியை முதலில் காலி செய்து, சிறகிலுள்ளதைப் பின்னரே செலவிடுவது வழக்கம். எண்ணெய் ஒரு பக்கமாய் அலைந்து பாயாதபடி உள்ளே தடுப்புகள் உண்டு. எண்ணெய் குறையக் குறையக் காற்று புக வழியும் வேண்டும். இல்லையேல் தொட்டி நசுங்கும். ஆணி தைத்த இடந்தோறும் பூச்சிட்டு அடைக்க வேண்டும். சரக்கின் பாரம் பார்த்து அடுக்கும் தூத்துக்குடித் தோணித் தண்டலுக்கும், பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிக்கும் தச்சருக்கும் இந்த நியாயம் எளிதில் விளங்கும்.

இதில் பிழை நேர்ந்தால் விளைவு கொடியது. 1996 ஜூலை 17-ல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட போயிங் 747 விமானம் ஒன்று வானிலேயே வெடித்தது. 230 பேர் மாண்டனர். ஏறக்குறையக் காலியாயிருந்த நடுத் தொட்டியில் எண்ணெய் ஆவி தீப்பற்றியதே காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. தொட்டிக்கு அடியிலிருந்த குளிர்சாதன யந்திரங்களின் உஷ்ணம் ஆவியைப் பெருக்கியிருந்தது. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிக்கே அஞ்ச வேண்டும் என்பதை உலகம் உயிர் கொடுத்துக் கற்றது. இந்த ஆபத்தைக் குறைக்க 2008-ல் அமெரிக்க சர்க்கார் விதி செய்தனர். அதன்பின், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துத் தொட்டிக்குள் செலுத்தி, தீக்கு வேண்டிய பிராணவாயுவைக் குறைக்கும் ஏற்பாடு பரவிற்று.

இவ்வறிவு நமக்கு எட்டாததா? வால்சந்த் ஹீராசந்த் 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை கண்டார். 1961-ல் கான்பூரில் ஆவ்ரோ 748 விமானம் பிரிட்டிஷ் உரிமத்தின்கீழ் உருவாகிப் பறந்தது. 2001-ல் முதலில் பறந்த தேஜஸ் போர் விமானம், நம்மவர் வகுத்த சிறகுக்குள்ளேயே எண்ணெய் சுமக்கிறது. எனினும் பெரிய பிரயாணி விமானம் ஒன்றையேனும் நாம் இன்னும் சொந்தமாக வகுக்கவில்லை. குறை அறிவில் இல்லை. தொடங்கியதை இடைவிடாது நடத்தும் உறுதியிலேயே இருக்கிறது.

ஓடுபாதை நீண்டுவிட்டது, நம் நோக்கமும் நீள வேண்டும். சர்க்கார் பல்லாண்டுப் பணம் ஒதுக்கட்டும். கல்லூரிகள் பட்டத்தோடு பட்டறையையும் தரட்டும். டிக்கெட் வாங்கி ஏறுவதோடு சுதேசியம் முடிந்துவிடாது. நம்மவர் கட்டிய சிறகு இக்கரையில் இறங்கும் நாளே சிதம்பரம் பிள்ளையின் கடன் தீரும் நாள்.