முதலில் கண், பிறகுதான் கேமரா

புனேயில் ஒளிப்பதிவு படித்த பாலுமகேந்திராவின் படங்களும், பௌத்த தியானத்தில் பிறந்த ஒரு புகைப்பட முறையும் சொல்வது ஒன்றுதான்: பார்க்கவும் பழக வேண்டும்.

35 எம்.எம். ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஒன்று கேமராவில் ஓடி முடிய நாலரை நிமிடம்கூட ஆகாது. கையிருப்பு அவ்வளவுதான் என்றால், பொத்தானை அழுத்துமுன் பத்துத் தடவை பார்த்தே ஆக வேண்டும். புனே லா காலேஜ் சாலையில், பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960இல் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்ற தலைமுறைகள் இந்தக் கஞ்சத்தனத்தில் வளர்ந்தவை.

அவர்களில் ஒருவர் பாலுமகேந்திரா. 1939இல் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்தவர். பள்ளி நாளில் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படப்பிடிப்பைப் பார்த்ததில் முளைத்தது இயக்குநர் கனவு. புனேயில் கிடைத்ததோ ஒளிப்பதிவு வகுப்பு. 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார்.

மலையாள 'நெல்லு' (1974) கேரள அரசு விருதையும், அவர் முதலில் இயக்கிய கன்னட 'கோகிலா' (1977), பிறகு 'மூன்றாம் பிறை' (1982) ஆகியவை தேசிய விருதையும் அவரது ஒளிப்பதிவுக்குப் பெற்றுத் தந்தன. முகத்தின் எந்த மூலையிலும் நிழல் விழாமல் விளக்குகளைக் கொட்டிப் படமெடுத்த காலத்தில், ஜன்னலில் நுழையும் வெளிச்சமே போதும் என்று நம்பியவர் அவர். பாதி முகம் இருட்டில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பாட்டே இல்லாத 'வீடு' (1988) படத்தில், பூசாத செங்கல் சுவரில் விழும் வெயிலும் கதை சொன்னது.

கதைக்காக அவர் செய்ததைக் கதையே இல்லாமல் ஒரு பயிற்சியாகச் செய்பவர்களும் உண்டு. அதன் பெயர் மிக்சாங். திபெத்திய மொழியில் 'நல்ல கண்' என்று பொருள். திபெத்திய பௌத்த ஆசான் சோக்யம் துருங்பாவின் போதனைகளிலிருந்து இதை வளர்த்தெடுத்தவர் கனடாவின் மைக்கேல் வுட். ஆண்டி காருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2011இல் வந்தது.

முறை எளிது, செய்வதுதான் கடினம். படிகள் மூன்று. நடந்து போகையில் ஏதோ ஒன்று சட்டென்று கண்ணை நிறுத்தும். அது முதல் படி. நிறுத்தியது எது, நிறமா, வெளிச்சமா, சொரசொரப்பா என்று நின்று கவனிப்பது அடுத்தது. கண்டதற்கு ஈடான படத்தை, எதையும் கூட்டாமல் எடுப்பது மூன்றாவது. அழகான படம் வேண்டும் என்ற ஆசை இடையில் புகுந்தால் காரியம் கெட்டது.

இதைப் பழகப் புனேயிலேயே பொருத்தமான இடம் உண்டு. ஜங்க்லி மகாராஜ் சாலையில், போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே இருக்கிறது 8ஆம் நூற்றாண்டின் பாதாளேஸ்வர் குடைவரைக் கோயில். முற்றத்தில் வட்ட வடிவ நந்தி மண்டபம். வருபவர் கண்ணுக்கு முதலில் 'நந்தி', 'தூண்', 'கோயில்' என்ற பெயர்கள்தான் படும். சற்று நின்றால் பெயர்கள் விலகி, கல்லின் கருமையும் தூண்களுக்கிடையே மெல்ல நகரும் வெயிலும் தெரியத் தொடங்கும். அதன் பிறகு கேமராவை எடுத்தால் போதும்.

இரண்டு வழிகளும் ஒன்றல்ல என்பதும் உண்மை. சினிமாக்காரருக்குக் காட்சி எதையாவது சொல்லியாக வேண்டும். தியானக்காரருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டவர்கள் உண்டு. பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், ஓவியர் பிராக் தந்த ஜென் வில்வித்தை நூலைத் தன் தொழிலுக்கான பாடமாகவே கருதினார்.

இன்றைய சிக்கல் வேறு. செல்போனில் சுருள் தீர்வதில்லை. ஒரே கோபுரத்தை இருபது தடவை எடுத்துவிட்டு, ஒரு தடவைகூடப் பார்க்காமல் திரும்ப முடிகிறது. அன்று ஃபிலிமின் விலை கற்றுத் தந்த பொறுமையை இன்று அவரவர்தான் தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். மிக்சாங் போன்ற பயிற்சிக்கு இப்போது அவசியம் கூடியிருப்பது இதனால்தான்.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. 2014 பிப்ரவரி 13இல் மறைந்த பாலுமகேந்திரா, தன் கடைசிப் படமான 'தலைமுறைகள்' (2013) எடுத்தது ஃபிலிமில் அல்ல, டிஜிட்டலில். சுருள் போயிற்று, வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் கண் போகவில்லை.